வாடகை வீடும் வயல் குத்தகையும்

கடல் கடந்து சென்று பொருளீட்டும் மரபு முத்துப்பேட்டைக்குப் புதிதன்று. பாட்டன்மார் காலத்தில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். பேரன்மார் துபாய்க்கும் குவைத்துக்கும் விமானமேறுகிறார்கள். அவ்வாறு அந்நிய தேசங்களில் வியர்வை சிந்தி ஈட்டிய பணம், கோரையாறு, பாமணியாறு முதலிய காவிரியின் கடைசிக் கிளைகள் அலையாத்திக் காட்டினூடே கடலிற் கலக்கும் இந்தச் சிறிய ஊருக்குத் திரும்பி வரும்போது, பெரும்பாலும் செங்கல்லும் சிமெண்டுமாகவே உருமாறுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து அதிராம்பட்டினம் நோக்கிச் செல்லும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து வருபவர், இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு எழும்பி, கருங்கல் படிகளும் எஃகுக் கைப்பிடிகளும் அமைந்து, பளபளக்கும் வாசற்கதவில் பூட்டுத் தொங்கும் வீடுகளை வழி நெடுகக் காணலாம்.

அதே ஊரில், மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியரும், வங்கி ஊழியரும், மின்வாரியப் பணியாளரும், குழந்தைகளின் படிப்பை உத்தேசித்துச் சுற்றுக் கிராமங்களிலிருந்து குடிபெயரும் குடும்பங்களும், இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் உள்ள யோக்கியமான வீடு ஒன்று கிடைக்காதா என்று தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். வீடும் இருக்கிறது, வீடு தேடுபவரும் இருக்கிறார். ஆயினும் இரண்டும் கூடுவதில்லை. இந்த விசித்திரத்துக்குக் காரணம் யாது என்பதை விளங்கிக்கொள்ளாமல், ‘சேமிப்பைப் போட்டு ஊரில் ஒரு வீடு வாங்கி விட்டால் மாதா மாதம் வாடகை வருமல்லவா?’ என்று கேட்பவருக்கு உருப்படியான யோசனை எதுவும் சொல்ல இயலாது.

என் அபிப்பிராயத்தில், காவிரிப் படுகையில் வீட்டுச் சொந்தக்காரராக இருப்பவர், வயலுக்குரிய புத்தியை வீட்டுக்கும் உபயோகிப்பதே இதற்கு மூலகாரணம். வயலைக் குத்தகைக்கு விட்டவர் வரப்பின்மேல் நின்று பார்த்தாலே போதும். மண்ணும் ஆற்று நீரும் குத்தகைதாரரின் உழைப்பும் சேர்ந்து நெல்லை விளைவித்துவிடும். அறுவடையானதும் குத்தகை நெல் வீடு வந்து சேரும். சொந்தக்காரர் செய்ய வேண்டிய காரியம் கணக்குப் பார்ப்பது ஒன்றே. அந்தப் பழக்கம் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போனதால், வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டால் வாடகை தானே விளையும் என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. வீடோ ஒன்றையும் விளைவிப்பதில்லை. தினந்தோறும் தேய்கிற ஒரு பொருளை, தேயாமல் காத்துப் பிறருக்கு உபயோகப்படுத்தித் தருகிற ஊழியத்துக்குக் கிடைக்கும் கூலிதான் வாடகை. கடை வைத்திருப்பவருக்குச் சரக்கின்மேலும் வாடிக்கைக்காரரின்மேலும் இருக்கிற கவனம் வீட்டுக்காரருக்கும் வேண்டும்.

வயலின் நினைவு இன்னொரு விதத்திலும் கெடுதல் செய்கிறது. 1952ஆம் ஆண்டு ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது பிறந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம், குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்றும் மிராசுதாரரின் கையைக் கட்டியது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நன்செய் விளைச்சலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குமேல் குத்தகை வாங்கலாகாதென்ற நியாயக் குத்தகைச் சட்டமும் தொடர்ந்தன. 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம், பண்ணை நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே உரிமையாக்கியது. இவை யாவும் நியாயமான சட்டங்கள். அநியாயம் அத்தனை ஆழமாக வேரோடியிருந்த இந்த ஜில்லாவில் அவை பிறந்திராவிட்டால் இன்னும் எத்தனை ரத்தம் சிந்தியிருக்கும் என்பதை விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட வெண்மணியின் சாம்பலைக் கண்டவர்கள் அறிவார்கள். ஆனால், சொத்துடையவர்களின் வீட்டுத் திண்ணைகளில் அவை ஓர் அச்சத்தை விட்டுச் சென்றன. ‘ஒருவரைக் குடியேற விட்டால் சொத்து கைவிட்டுப் போய்விடும்’ என்பதே அந்த அச்சம். நிலத்தில் பிறந்த அந்த அச்சம் வீட்டுக்கும் பரவி, பூட்டிக் கிடந்து செல்லரித்தாலும் அரிக்கட்டும், வாடகைக்கு விடவேண்டாம் என்ற பிடிவாதமாக இறுகிவிட்டது. குடியிருப்பவருக்கு வாடகை வீட்டைச் சொந்தமாக்கும் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பழைய வாடகைச் சட்டத்தின் கடுமையும் இந்த அச்சத்துக்கு உரமிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். யுத்தகாலத்தில் வீட்டுப் பஞ்சத்தைச் சமாளிக்கப் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, 1960ஆம் ஆண்டுச் சட்டமாக உறுதிபெற்று, ஏறக்குறைய அறுபது வருஷ காலம் நகரங்களில் ஆட்சி செலுத்தியது. வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உள்வாடகைக்கு விடுதல், சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படுதல் போன்ற சில காரணங்களைக் காட்டி வழக்கு நடத்தினாலன்றிக் குடியிருப்பவரை அசைக்க இயலாது. வழக்கோ வருஷக்கணக்கில் நீளும். அச்சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மனையும் கட்டிடமுமாகச் சேர்ந்த மொத்த மதிப்பில், வசிக்கும் வீடானால் வருஷத்துக்கு 9 விழுக்காடும், கடை முதலியவையானால் 12 விழுக்காடும் நியாய வாடகை என்று அது வரம்பு கட்டியிருந்தது. அந்த வரம்பைக் கொடுமை என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் அன்று நொந்துகொண்டார்கள். இன்று முத்துப்பேட்டையில் அந்த ஒன்பதில் பாதியை வாடகையாகப் பெறுகிற வீட்டுக்காரர் பாக்கியசாலி!

கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். மனையும் கட்டிடமுமாக நாற்பது லட்சம் செலவழித்து ஒருவர் பெரிய வீடு கட்டுகிறார் என்றும், அதற்கு மாதம் ஒன்பதாயிரம் வாடகை கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய். ஒரு குடும்பம் காலி செய்து மறு குடும்பம் வருவதற்குள் ஒரு மாதம் வீணாகும், சொத்துவரி உண்டு, வெள்ளையடிக்க வேண்டும், நீர்மோட்டார் பழுதாகும். இவையெல்லாம் போகக் கையில் எண்பதாயிரம் மிஞ்சினால் அது போட்ட முதலுக்கு 2 விழுக்காடுதான். அதே பணத்தைக் கொண்டு, கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் நடக்கிற தூரத்தில், ஐந்நூறு சதுர அடிக்கு மேற்படாத மூன்று சிறு வீடுகளை முப்பது லட்சத்தில் கட்டி, ஒவ்வொன்றையும் நாலாயிரத்து ஐந்நூறுக்கு விட்டால், வருஷத்துக்கு ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் வரும். முப்பதாயிரம் செலவென்று தள்ளினாலும் 4 விழுக்காட்டுக்குமேல் நிற்கும். மீதிப் பத்து லட்சம் கையிருப்பு. தவிரவும், ஒரு வீடு காலியானால் மற்ற இரண்டும் வருமானம் தந்துகொண்டிருக்கும். இந்த எண்கள் உதாரணத்துக்காகச் சொன்னவையே. அவரவர் தெருவின் நிலவரத்தை அவரவர் விசாரித்துப் போட்டுப் பார்க்கட்டும். ஆனால் எந்தத் தெருவில் போட்டுப் பார்த்தாலும், மாளிகை கட்டியவரின் விகிதம் சிறுவீடு கட்டியவரின் விகிதத்தை எட்டுவது அபூர்வம்.

‘வாடகை குறைந்தால் என்ன, மனை விலை ஏறுகிறதே’ என்று சமாதானம் சொல்வார்கள். விலை ஏறுவது மனைக்கு. வீடு வருஷந்தோறும் மதிப்பிழக்கிறது. மனை விலை ஏறவேண்டும் என்பதே நோக்கமானால் மனையை மட்டும் வாங்கி வேலி போட்டுவிடலாம். அதன்மேல் முப்பது லட்சத்தைக் கொட்டிக் கட்டிடம் எழுப்ப வேண்டிய அவசியமில்லை. இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நஷ்டம் தெரியாமல் இருக்கிறது. அரசாங்கத்தின் வரிக்கொள்கையும் பெரிய வீட்டுக்கு அனுகூலமாக இல்லை. 2022ஆம் ஆண்டு சொத்துவரி உயர்த்தப்பட்டபோது, 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடும் ஏற்றினார்கள்.

இனி வாங்கும் காரியத்துக்கு வருவோம். காவிரிப் படுகையில் மண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி, மேட்டுப் பிரதேசங்களில் உள்ளதுபோல் எளிதானதன்று. கோயிலுக்கும் மடத்துக்கும் வக்ஃபுக்கும் சொந்தமான நிலம் இங்கு ஏராளம். அந்நிலத்தில் அடிமனை வாடகை செலுத்திக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வீடு கட்டி வாழ்பவர்களும் ஏராளம். அவர்கள் விற்பது சுவரும் கூரையுமே தவிர மண்ணன்று. நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் என்று 1921இல் இயற்றிய சட்டத்தில், அடிமனைக்காரர் அந்த மனையைத் தாமே விலைக்குக் கேட்கும் வழி ஒன்று இருந்தது. சமய நிறுவனங்களின் மனைகளுக்கு அது பொருந்தாதென்று 1996இல் திருத்தம் வந்துவிட்டது. ஆகவே, விலை மலிவாக இருக்கிறதே என்று மயங்கி அடிமனை வீட்டை வாங்கியவர், தாமும் ஒரு குடியிருப்பவராகிவிடுகிறார் என்பதை உணரவேண்டும். அவருக்கு வரும் வாடகையைவிட அவர் செலுத்த வேண்டிய நியாய வாடகை உயர்ந்துவிடுகிற காலமும் வரலாம். மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நில்லாமல், பட்டா யார் பேரில் இருக்கிறது, கிராம நிலப்பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எதுவாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கலாம்.

நன்செய்யை நிரவிக் கல் நட்ட மனைப்பிரிவுகளைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அங்கீகாரம் பெறாத மனைகளின் பத்திரப்பதிவு என்ன பாடுபட்டது என்பது ஊரறிந்த விஷயம். இங்கே ஒரு தப்பெண்ணத்தை மட்டும் விலக்கிவிட விரும்புகிறேன். 2020இல் திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் எண்ணெய், எரிவாயு, உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவற்றைத்தான் தடுக்கிறது; வயலை மனையாக்குகிறவரின் கையை அது பிடிக்கவில்லை. அப்படிப் பிடிக்காதது நல்லதா கெட்டதா என்று கேட்டால், கெட்டதென்றே சொல்வேன். ஆனால் அது வேறு கட்டுரைக்குரிய விஷயம். வயலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர், வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. ‘இப்போது வயலாகவே வாங்கிப் போடுங்கள், பிறகு மனையாக்கிக் கொள்ளலாம்’ என்று தரகர் சொல்லும் ஆலோசனை அவரைச் சட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

மண்ணைப் பார்த்தாயிற்று, காற்றையும் நீரையும் பார்க்க வேண்டும். முத்துப்பேட்டையின் களிமண் கோடையில் வெடித்து மழையில் பூரிப்பது. அஸ்திவாரத்தில் சிக்கனம் செய்தவரின் சுவரில் மூன்றாம் வருஷமே படிக்கட்டுப் போன்ற விரிசல் ஓடும். உவர்க்காற்றின் வேலை இன்னும் நுட்பமானது. ஜன்னலுக்குமேல் நீட்டிய தளத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தால், நூலிழை போல் ஒரு பழுப்புக் கோடு தெரியும். விரல் முட்டியால் தட்டினால் அவ்விடம் மட்டும் பொள்ளென்று ஒலிக்கும். உள்ளே கம்பி துருவேறி, பருத்து, காரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். அந்த நிலையில் கொத்தனாரை அழைத்தால் ஒரு நாள் வேலை. இரண்டு மழைக்காலம் பொறுத்தால் காரை பெயர்ந்து கீழே நிற்பவர் தலையில் விழும். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது, தென்னை மரங்களோடு ஓட்டுக் கூரைகளும் கல்நார்த் தகடுகளும் எப்படிப் பறந்தன என்பதை இந்தப் பக்கத்தில் மறந்தவர் இல்லை. 1952லும் 1977லும் நாகப்பட்டினக் கரையைத் தாக்கிய புயல்களைக் கண்ட முதியவர்களுக்கு அதில் ஆச்சரியமும் இருந்திராது. வாடகைப் பணத்தில் மாதம் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கென்று தனியே எடுத்துவைக்காத வீட்டுக்காரர், புயலடித்த மறுநாள் குடியிருப்பவரோடு சண்டை போடுகிறவராகத்தான் இருப்பார்.

அந்தச் சண்டைக்கு அவசியமே இல்லை. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், யார் எதைப் பழுதுபார்ப்பது என்பதை ஓர் அட்டவணையாகவே எழுதிவைத்திருக்கிறது. கட்டிடத்தின் கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்கு வண்ணம், நீர்க்குழாய்களை மாற்றுதல், மின்கம்பி மாற்றுதல் ஆகியவை சொந்தக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி இவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்வதற்கும் இடமுண்டு. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை ஒரு தரம் இருவரும் சேர்ந்து படித்துக்கொள்வதற்கு அரை மணி நேரம் போதும்.

இந்தச் சட்டம் சொந்தக்காரருக்கு விரோதமானதென்று ஊரில் ஒரு பேச்சிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய சட்டம் வாடகையைத் தானே நிர்ணயிக்க முயன்றது. புதியது, இருவரும் மனமொப்பிப் பேசிய வாடகையையே வாடகை என்கிறது. அது கேட்பதெல்லாம், பேசியதை எழுத்தில் வையுங்கள், எழுதியதை வாடகை அதிகாரியிடம் 90 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள் என்பதுதான். இணையத்தின் வழியே செய்துவிடக்கூடிய இந்தக் காரியத்தை ‘எதற்கு வம்பு’ என்று தள்ளிப்போடுகிறவர், வம்பு வரும் நாளில் தமது பதியாத காகிதம் சாட்சியமாக எடுபடாது என்பதைக் கண்டு திகைக்கிறார். முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் பார்வையிட வருவதானால் 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடியிருப்பவரைத் துரத்துகிற பழைய உபாயம் சட்டவிரோதமாகும். இவற்றில் எதுவும் யோக்கியமான வீட்டுக்காரர் தாமாகவே செய்யாத ஒன்றல்ல.

போக்கியம் என்றும் ஒத்தி என்றும் நம் பக்கத்தில் வழங்குகிற ஏற்பாட்டைக் குறித்துத்தான் எனக்கு மிகுந்த கவலை. வட்டி வாங்கவும் கொடுக்கவும் மனம் ஒப்பாதவர்கள் மிகுந்த ஊரில், ஐந்து லட்சம் அல்லது எட்டு லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகையில்லாமல் மூன்று வருஷம் குடியிருக்க விட்டு, கெடு முடிந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது இருதரப்புக்கும் சௌகரியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. (அது மார்க்கத்துக்குப் பொருந்துமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், நான் சொல்ல வருவது லௌகிக விஷயம் மாத்திரம்.) வாங்கிய எட்டு லட்சம் பெட்டியில் இருப்பதில்லை. அது மகனின் விசாவாகவோ, மகளின் நிக்காஹ் செலவாகவோ, மாடிக்குமேல் இன்னொரு மாடியாகவோ போய்விடுகிறது. கெடு முடிகிறபோது, அடுத்த ஒத்திக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து அவர் பணத்தை வாங்கி இவருக்குக் கொடுக்க வேண்டும். அகப்படாவிட்டால் இவர் காலி செய்யமாட்டார். செய்யவேண்டுமென்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. இதைச் சாதாரண வாடகை முன்பணம் என்று சொன்னால் மூன்று மாத வரம்பை மீறுகிறது. அனுபவ ஈடு என்று சொன்னால், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அத்தகைய ஈடு யாவும் பதிவுசெய்த பத்திரத்தால் ஆகவேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். சாதாரண முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடிகிற பேரம் இரண்டிலும் சேராமல் நடுவழியில் நிற்கிறது. ஒத்திக்கு விட்டே தீரவேண்டும் என்பவர், பத்திரத்தைப் பதிவுசெய்து, வாங்கிய தொகையில் பாதியையாவது தொடாமல் வைத்திருக்கட்டும்.

பெண்மக்களுக்குக் கல்யாணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கம் இந்தக் கடற்கரை முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் உண்டு. எட்டு வயதுப் பெண்ணுக்காக இன்று கட்டப்படும் வீடு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் சும்மா கிடக்கும். அந்த வீட்டையும் தைரியமாக வாடகைக்கு விடலாம். எந்த வருஷம் வரை என்பதை முதல் நாளே சொல்லி, ஒப்பந்தத்தில் எழுதி, கெடுவுக்கு ஆறு மாதம் முன்பே ஞாபகப்படுத்தினால் போதும். குடியிருப்பவர்களை மனஸ்தாபத்துக்குள்ளாக்குவது காலி செய்யச் சொல்வதன்று, திடுமென்று சொல்வது.

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரருக்கு வேறு இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது வருமான வரி. உள்ளூரில் வசிக்கும் சொந்தக்காரருக்கு மாதம் ஐயாயிரமோ பத்தாயிரமோ வாடகை கொடுக்கும் குடும்பத்தினர் வரிப்பிடித்தத்தைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர் வெளிநாட்டுவாசி என்று வந்துவிட்டால், வாடகை எவ்வளவு சிறியதானாலும், அதில் ஏறத்தாழ 31 விழுக்காட்டைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டும் கடமை குடியிருப்பவர் தலையில் விழுகிறது. இதை அறிந்தவர்கள் இருதரப்பிலும் குறைவு. செலுத்திய சொத்துவரியையும், மிச்சத்தில் 30 விழுக்காட்டுக் கழிவையும் கணக்கிட்டுச் சொந்தக்காரர் வரிக்கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதி திரும்ப வரும். முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்குவதும் சாத்தியம். வாடகையை வெளிநாட்டுவாசிகளுக்கான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் வாங்குங்கள், ஊரிலிருக்கும் ஒரு தணிக்கையாளருக்கு வருஷத்துக்குச் சில ஆயிரம் கொடுத்துக் காரியத்தை ஒப்படையுங்கள்.

இரண்டாவது சங்கடம் வரியைக் காட்டிலும் நுட்பமானது, அதுதான் மச்சான். வெளிநாட்டுக்காரரின் வீட்டைக் கவனிப்பவர் பெரும்பாலும் மச்சானாகவோ தம்பியாகவோ இருப்பார். அவருக்குச் சம்பளம் பேசுவது மரியாதையில்லை என்று கருதப்படும். சம்பளமில்லாத வேலை எப்படி நடக்குமோ அப்படி அது நடக்கும். குடியிருப்பவர் தளம் ஒழுகுகிறதென்று மூன்று முறை சொல்லியும் மச்சான் மறந்துபோவார்; வாடகை வந்த தேதியும் போன கணக்கும் அவர் மனத்தில் மட்டும் இருக்கும்; ஈத் பெருநாளுக்கு ஊருக்கு வரும் சொந்தக்காரர் கணக்குக் கேட்டால் குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும். வாடகையில் நூற்றுக்குப் பத்து என்று பங்கு பேசி, எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து, வாடகை நேரே வங்கிக்கு வரும்படி செய்துவிட்டால், உறவும் நிலைக்கும், தளமும் ஒழுகாது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனங்களைச் சேர்த்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் பத்து ரூபாய் என்று தண்டுவது இங்கே சர்வ சாதாரணம். 2016 முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக அரசாங்கம் தருகிறது. குடித்தனத்துக்கு ஒரு மீட்டர் வைத்துவிட்டால் அந்தச் சலுகை அவரவருக்குப் போய்ச்சேரும். மாதாந்தர வாக்குவாதமும் ஒழியும். மீட்டரில் காசு பார்க்கிற வீட்டுக்காரரிடம் நல்ல குடித்தனக்காரர் வெகுநாள் தங்கமாட்டார். நாலு வருஷம் ஒழுங்காக வாடகை தரும் குடும்பம் ஒன்று, வருஷத்துக்கொருமுறை மாறும் நாலு குடும்பங்களைக் காட்டிலும் லாபகரமானது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மாத வாடகையும் ஒரு வெள்ளையடிப்பும் தண்டம்.

யாரைக் குடிவைப்பது என்ற கேள்வி மீதமிருக்கிறது. வருமானம் என்ன, முன்பு எங்கே குடியிருந்தார்கள், அங்கே வாடகை பாக்கி வைத்தார்களா என்று கேட்பது நியாயமான விசாரணை. ஆனால் நம் ஊர்களில் முதற்கேள்வி அதுவல்ல. ‘நீங்க எந்த ஆளுங்க?’ என்பதே முதற்கேள்வி. இந்துத் தெருவில் முஸ்லிமுக்கும், முஸ்லிம் தெருவில் இந்துவுக்கும், எந்தத் தெருவிலும் தலித்துக்கும் வீடில்லை என்பது எழுதப்படாத சட்டம். வாசலில் ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போதே, ‘நேற்றுத்தான் முடிந்துவிட்டது’ என்ற பதில் வரும். ஜாம்புவானோடை தர்காவில் இரு சமயத்தாரும் நேர்ச்சை செலுத்துகிற ஊரில் இது நடக்கிறது. நியாய அநியாயத்தை ஒருபுறம் ஒதுக்கி, வெறும் வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் இதைவிடப் பெரிய மூடத்தனம் இல்லை. சின்னஞ்சிறு ஊரில் இருக்கிற சொற்ப வாடிக்கைக்காரரில் முக்கால்வாசிப் பேரைக் கடைவாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வியாபாரம் படுத்துவிட்டதென்று புலம்புகிற வர்த்தகரை வேறெந்தக் கடைத்தெருவிலும் காணமுடியாது. நியாயத்தை ஒதுக்கவும் கூடாது. அரசாங்க உத்தரவின்மேல் எங்கிருந்தோ மாற்றலாகி, நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வருகிறவர், பள்ளி முடிந்ததும் இருபது மைல் பேருந்தில் திரும்பிப் போகவேண்டியிருப்பது ஊருக்கே அவமானம்.

வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியை ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, வீடு காலியிருக்கிறதா என்று கேட்பார். வாடகையைச் சொல்லுங்கள், முன்பணத்தைச் சொல்லுங்கள், குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதைச் சொல்லுங்கள். சாதியைக் கேட்காமல் சாவியைக் கொடுங்கள்.